ஒரு லட்சம் சம்பளம்... கைக்கு வருவது எவ்வளவு?

ஆஃபர் லெட்டரில் இருக்கும் தொகைக்கும் வங்கிக் கணக்கில் விழும் தொகைக்கும் நடுவே என்ன நடக்கிறது? பி.எஃப்., இ.எஸ்.ஐ., தொழில் வரி, வருமான வரி என ஒவ்வொரு பிடித்தத்துக்கும் கணக்கு இதோ!

‘வருஷத்துக்குப் பன்னிரண்டு லட்சம்’ என்று வேலைக்கான கடிதம் வந்த வீட்டில் முதலில் நடப்பது ஒரு வகுத்தல். பன்னிரண்டு லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் ஒரு லட்சம். அந்த ஒரு லட்சத்தை நம்பித்தான் வாடகைக்கு வீடு பார்க்கிறார்கள். கல்விக் கடன் தவணை எவ்வளவு கட்டலாம் என்று முடிவு செய்கிறார்கள். தங்கையின் கல்லூரிக் கட்டணத்தை ஏற்றுக்கொள்கிறார்கள். முதல் மாதம் முடிந்து கணக்கில் பணம் விழும்போது அது எழுபத்தைந்தாயிரத்தைக்கூடத் தொடுவதில்லை. ‘மீதி எங்கே போச்சு?’ என்று அம்மா கேட்டால், சம்பளம் வாங்குகிற பிள்ளைக்கே பதில் தெரிவதில்லை.

அந்த மீதி நான்கு வழிகளில் போகிறது. ஒரு பகுதி, மாதச் சம்பளமாக வரவே வராத தொகை. இன்னொரு பகுதி, நம் பெயரிலேயே சேர்ந்துகொண்டிருக்கும் சேமிப்பு. மூன்றாவது, நோய்க்கும் விபத்துக்கும் நாம் கட்டும் காப்பீடு. நான்காவது மட்டும்தான் வரி. நான்கையும் ‘பிடித்தம்’ என்று ஒரே பெயரில் சொல்லி, நான்குக்கும் ஒரே மாதிரி வருத்தப்படுகிறோம். எது எது என்று பிரித்துத் தெரிந்தவர் வேலையில் சேரும்போதே சரியாகப் பேரம் பேசலாம். தேவையில்லாத வரியைத் தவிர்க்கலாம். பிடித்த பணம் உரிய இடத்துக்குப் போகாவிட்டால் கண்டுபிடிக்கலாம்.

இந்தக் கட்டுரையின் கணக்குகள் எல்லாம் 2025–26 நிதியாண்டு விதிகளின்படி போடப்பட்டவை.

லட்சம் கரையும் விதம்

சி.டி.சி. என்பது நிறுவனம் ஓர் ஊழியருக்காக ஆண்டு முழுக்கச் செய்யும் மொத்தச் செலவு. உங்கள் கைக்கு வருவதும் வராததும் அதில் சேர்ந்தே இருக்கும். சென்னையில் 12 லட்சம் சி.டி.சி.யில் ஒரு வேலை என்று வைத்துக்கொள்வோம். மாதக் கணக்காகப் பிரித்தால் அது இப்படி அமையலாம்:

பேசிக்: 50,000 ரூபாய்
ஹெச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகைப் படி): 20,000 ரூபாய்
ஸ்பெஷல் அலவன்ஸ்: 10,595 ரூபாய்
நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கு: 6,000 ரூபாய்
கிராஜுவிட்டி ஒதுக்கீடு: 2,405 ரூபாய்
குழு மருத்துவக் காப்பீட்டு பிரீமியம்: 1,000 ரூபாய்
வேரியபிள் பே: 10,000 ரூபாய்

கூட்டினால் சரியாக ஒரு லட்சம். ஆனால், பே ஸ்லிப்பில் மொத்தச் சம்பளமாக வருவது முதல் மூன்று வரிகள் மட்டுமே: 80,595 ரூபாய். வேரியபிள் பே, உங்கள் வேலையையும் நிறுவனத்தின் லாபத்தையும் பார்த்து ஆண்டுக்கு ஒருமுறையோ காலாண்டுக்கு ஒருமுறையோ வரும், குறையவும் செய்யலாம். கிராஜுவிட்டி பொதுவாக ஐந்து ஆண்டுகள் வேலை பார்த்து விலகுபவருக்குத்தான். மூன்றாம் ஆண்டில் வேறு வேலைக்குப் போகும் இளைஞரின் சி.டி.சி.யில் அது எழுத்தாக மட்டுமே இருந்திருக்கும்.

80,595 ரூபாயிலிருந்து ஊழியரின் பி.எஃப். பங்கு 6,000 போனால் மீதி 74,595. இந்த அளவுச் சம்பளத்துக்குப் புதிய வரி முறையில் வருமான வரி பூஜ்யம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொழில் வரி 1,250 ரூபாய் பிடிக்கும் மாதத்தில் மட்டும் 73,345. ஆக, ஒரு ரூபாய்கூட வருமான வரி கட்டாமலேயே லட்சத்தில் கால் பங்கு கரைந்துவிட்டது. ‘எல்லாத்தையும் டாக்ஸ்ல பிடிச்சுட்டாங்க’ என்று பலரும் சொல்வது இங்கே உண்மை அல்ல.

பி.எஃப்.: 1,800 ரூபாயா, 6,000 ரூபாயா?

பேசிக்கும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் ஊழியர் 12 சதவிகிதம், நிறுவனம் 12 சதவிகிதம் – இதுதான் பி.எஃப். விதி. சட்டப்படிக் கட்டாயமான உச்சவரம்பு 15,000 ரூபாய். 2014 செப்டம்பரில் நிர்ணயித்தது. அதாவது பேசிக் 50,000 ஆக இருந்தாலும், 15,000 ரூபாய்க்கு மட்டும் கணக்கிட்டு மாதம் 1,800 பிடித்தால் சட்டத்துக்கு அது போதும். முழு பேசிக்குக்கும் பிடிக்கிற நிறுவனங்களும் உண்டு. 1,800 ரூபாயோடு நிறுத்துகிற நிறுவனங்களும் உண்டு.

மேலே பார்த்த அதே 12 லட்சம் சி.டி.சி.யில் பி.எஃப். 1,800 என்று வைத்துக்கொண்டால், நிறுவனத்தின் பங்கில் மிச்சமாகும் 4,200 ரூபாய் ஸ்பெஷல் அலவன்ஸில் சேரும். மொத்தச் சம்பளம் 84,795. கைக்கு வருவது 82,995. வருமான வரி அப்போதும் இல்லை. ஒரே சி.டி.சி.; ஆனால், கைக்கு வருவதில் மாதம் 8,400 ரூபாய் வித்தியாசம். இரண்டு நிறுவனங்களின் வேலைக் கடிதங்களை ஒப்பிடும் இளைஞர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

அதற்காகக் குறைந்த பி.எஃப்.தான் நல்லது என்று அர்த்தமில்லை. அந்த 8,400 ரூபாய் மாதாமாதம் பி.எஃப். கணக்கில் விழுந்து, 2024–25ஆம் ஆண்டுக்கு அறிவித்த 8.25 சதவிகித வட்டியே தொடர்ந்தால், 20 ஆண்டுகளில் 47 லட்சம் ரூபாயைத் தாண்டும். கையில் கூடுதலாக வரும் பணத்தை ஒழுங்காக வேறு முதலீட்டில் போடும் கட்டுப்பாடு நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? கல்விக் கடன் கழுத்தை நெரிக்கும் முதல் சில ஆண்டுகளில் 1,800 ரூபாய் பிடித்தம் உதவும். கடன் தீர்ந்த பிறகும் அதே 1,800 ரூபாயில் இருப்பது, அறுபது வயதில் நம்மை நாமே வெறுங்கையோடு நிறுத்திக்கொள்வது.

புதிய சட்டம் வந்தால் சம்பளம் குறையுமா?

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தபோது எழுந்த பெரிய பயம் இது. பேசிக்கைச் சிறியதாக வைத்து, மீதியை விதவிதமான அலவன்ஸாகக் கொடுப்பது பல நிறுவனங்களின் வழக்கம். பேசிக் சிறுத்தால் பி.எஃப். சிறுக்கும், கிராஜுவிட்டியும் சிறுக்கும். புதிய விதிப்படி, விலக்கு பெறும் அலவன்ஸ்கள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டும் தொகையும் ‘ஊதியம்’ என்றே கணக்கில் வரும்.

இதனால் கைக்கு வருவது குறையுமா என்றால், பி.எஃப். 15,000 ரூபாய் வரம்பிலேயே பிடிக்கப்படுபவருக்குக் குறையாது. மத்திய தொழிலாளர் அமைச்சகமும் இதைத் தெளிவுபடுத்தியிருக்கிறது. முழு ஊதியத்துக்கும் பி.எஃப். பிடிக்கும் நிறுவனத்தில், பேசிக் இதுவரை 30 சதவிகிதமாக இருந்தவருக்குக் கொஞ்சம் குறையலாம். குறைகிற தொகை அவருடைய பி.எஃப். கணக்குக்குத்தான் போகிறது. வேலையை விட்டு விலகும்போது கிராஜுவிட்டியும் கூடுதலாகக் கிடைக்கும்.

இ.எஸ்.ஐ.: 21,000 என்ற கோடு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மாதம் 20,000 ரூபாய் வாங்கும் ஒரு தொழிலாளியின் கணக்கு வேறு மாதிரி. அவருடைய சம்பளம் முழுவதும் பேசிக்கும் பஞ்சப்படியும்தான் என்று கொள்வோம். பி.எஃப். 1,800. இ.எஸ்.ஐ. 0.75 சதவிகிதம், அதாவது 150 ரூபாய். தொழில் வரி பிடிக்காத மாதத்தில் கைக்கு வருவது 18,050. நிறுவனம் தன் பங்குக்கு 3.25 சதவிகிதமாக 650 ரூபாய் இ.எஸ்.ஐ.க்குக் கட்டுகிறது.

அந்த 150 ரூபாய்க்குக் கிடைப்பதைப் பட்டியல் போட்டுப் பாருங்கள். அயனாவரத்திலும் கே.கே. நகரிலும் உள்ள இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளில் அவருக்கும் மனைவி, பிள்ளைகளுக்கும், அவரை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் சிகிச்சை. உடம்பு சரியில்லாமல் வேலைக்குப் போக முடியாத நாள்களுக்கு, ஆண்டில் 91 நாள் வரை 70 சதவிகித ஊதியம். பெண் தொழிலாளிக்கு 26 வாரப் பேறுகால ஊதியம். வேலையில் விபத்து நேர்ந்து உயிர் போனால் குடும்பத்துக்கு மாதாமாதம் உதவித்தொகை. எந்தத் தனியார் காப்பீடும் இந்த விலைக்கு இத்தனையைத் தராது.

இவருக்கு மே மாதம் 1,500 ரூபாய் இன்க்ரிமென்ட் கிடைத்து, சம்பளம் 21,500 ஆகிறது. இ.எஸ்.ஐ. உச்சவரம்பு 21,000, 2017 ஜனவரி முதல் அது அப்படியே நிற்கிறது. சந்தாக் காலம் ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று இரண்டு. நடுவில் சம்பளம் கூடினாலும் அந்தக் காலம் முடியும்வரை சந்தா பிடிப்பார்கள். ஆக, செப்டம்பரோடு பிடித்தம் நிற்கும். அந்தச் சந்தாவுக்கான பலன் காலம் அடுத்த ஆண்டு ஜனவரி முதல் ஜூன் வரை. அதற்குப் பிறகு மருத்துவமனைக் கதவு மூடிவிடும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குப் போகலாம் என்றால், அதற்கான ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். இவருடைய வருமானமோ 2,58,000. ஒரு திட்டத்துக்குச் சம்பளம் கூடுதல், இன்னொன்றுக்கும் கூடுதல். தனியாரில் குடும்ப பாலிசி எடுக்கும் அளவுக்கு மட்டும் கூடுதல் இல்லை. பதினைந்தாயிரம், இருபதாயிரம் என்று சம்பளம் வாங்கி மெல்ல மேலே வரும் லட்சக்கணக்கான குடும்பங்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. இத்தனை ஆண்டு விலைவாசிக்குப் பிறகும் 21,000 என்ற கோட்டை நகர்த்தாமல் வைத்திருப்பது நியாயமே இல்லை.

கோட்டைத் தாண்டப்போகிறவர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இ.எஸ்.ஐ. பலன் இருக்கும்போதே குடும்பத்துக்கு ஒரு மருத்துவ பாலிசி எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குத் தனியார் பாலிசியில் மூன்று ஆண்டு வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம். அந்தக் கடிகாரம் எவ்வளவு சீக்கிரம் ஓடத் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை.

தொழில் வரி: உள்ளாட்சிக்குப் போகும் பணம்

பே ஸ்லிப்பில் ‘பி.டி.’ என்று வருவது தொழில் வரி. இது மத்திய அரசுக்குப் போவதில்லை. நீங்கள் வேலை பார்க்கும் ஊரின் மாநகராட்சியோ நகராட்சியோ ஊராட்சியோ வசூலிப்பது. அரசியல் சாசனத்தின் 276ஆவது பிரிவு இதற்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. சென்னையில் ஆறு மாத வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டினால் 1,250 ரூபாய். அம்பத்தூர் தொழிலாளியும் இதே 1,250 கட்டுகிறார். மாதம் பத்து லட்சம் வாங்கும் அதிகாரியும் இதே 1,250 கட்டுகிறார்.

வருமான வரி: 12.75 லட்சமும் அதன் பொறியும்

புதிய வரி முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. 8 லட்சம் வரை 5 சதவிகிதம், 12 லட்சம் வரை 10, 16 லட்சம் வரை 15, 20 லட்சம் வரை 20, 24 லட்சம் வரை 25, அதற்கு மேல் 30. வரியின் மீது 4 சதவிகிதம் செஸ். வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் 60,000 ரூபாய் வரை தள்ளுபடி, வரி பூஜ்யமாகிவிடும். சம்பளக்காரர்களுக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவு இருப்பதால், 12,75,000 ரூபாய் சம்பளம் வரை வரி இல்லை.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, 12.75 லட்சம் என்பது மொத்தச் சம்பளம், சி.டி.சி. அல்ல. நிறுவனத்தின் பி.எஃப். பங்கும் கிராஜுவிட்டி ஒதுக்கீடும் இதில் சேராது. எனவே, 13 லட்சத்துக்கு மேல் சி.டி.சி. உள்ளவருக்கும் வரி இல்லாமல் இருக்கலாம். இரண்டு, வங்கி வட்டி, வாடகை வருமானம் எல்லாம் அந்த 12 லட்சக் கணக்கில் சேரும். பங்கு விற்ற லாபம் போன்ற தனி விகித வருமானத்துக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது.

12 லட்சத்தைத் தாண்டினால் என்ன ஆகும்? தாண்டிய தொகையைவிட வரி அதிகமாகிவிடக் கூடாது என்று ஒரு நிவாரணம் உண்டு. ஆனால், வரிக்குரிய வருமானம் 12,70,588 ரூபாயை எட்டும்வரை, தாண்டுகிற ஒவ்வொரு ரூபாயும் முழுதாக வரிக்கே போகும். மேலே செஸ் வேறு. வருமானம் சரியாக 12 லட்சத்தில் இருப்பவருக்கு ஆண்டு முடிவில் 70,000 ரூபாய் போனஸ் வந்தால், வரி 72,800 ரூபாய். போனஸ் வாங்கியதால் கையிலிருந்து 2,800 ரூபாய் போகிறது!

இந்தப் பொறியிலிருந்து விலக நேர்மையான ஒரு வழியைச் சட்டமே தருகிறது. நிறுவனம் உங்கள் பெயரில் என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) கணக்கில் செலுத்தும் தொகைக்கு, பேசிக்கும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் 14 சதவிகிதம் வரை, புதிய வரி முறையிலும் விலக்கு உண்டு. ஆண்டு பேசிக் 6 லட்சம் என்றால் 84,000 ரூபாய் வரை. சம்பள அமைப்பில் இதைச் சேர்க்கச் சொல்லி ஆண்டின் தொடக்கத்திலேயே ஹெச்.ஆரிடம் கேட்க வேண்டும். ஓய்வுக்காலத்துக்கான பணம் என்பதால் நினைத்தபோது எடுக்க முடியாது.

பழையதா, புதியதா?

ஆண்டுச் சம்பளம் 15 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். புதிய முறையில் 75,000 கழிந்து 14,25,000. வரி 93,750; செஸ் சேர்த்து 97,500. மாதத்துக்கு 8,125 ரூபாய்.

அதே நபர் பழைய முறையில்: பேசிக் ஆண்டுக்கு 7.5 லட்சம், ஹெச்.ஆர்.ஏ. 3 லட்சம், சென்னையில் மாத வாடகை 25,000. ஹெச்.ஆர்.ஏ. விலக்கு 2,25,000 (வாடகையில், பேசிக்கின் பத்தில் ஒரு பங்கைக் கழித்த தொகை). நிலையான கழிவு 50,000, தொழில் வரி 2,500, பி.எஃப்., எல்.ஐ.சி. வகையில் 1,50,000, மருத்துவக் காப்பீடு 25,000. எல்லாம் கழிந்து 10,47,500. வரி, செஸ் சேர்த்து 1,31,820. புதிய முறைதான் 34,320 ரூபாய் லாபம்.

அவரே சொந்த ஊரில் பெற்றோருக்காக வீடு கட்டி, கடனுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வட்டி கட்டுகிறார் என்றால் வரி 85,280 ஆக இறங்கும். இப்போது பழைய முறை 12,220 ரூபாய் லாபம். வாடகையும் வீட்டுக் கடன் வட்டியும் சேர்ந்து இருப்பவர்கள் மட்டும் பழைய முறையைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் போதும். மற்ற பெரும்பாலோருக்குப் புதியதே நல்லது. எதுவும் சொல்லாவிட்டால் நிறுவனம் புதிய முறையையே எடுத்துக்கொள்ளும். வியாபார வருமானம் இல்லாத சம்பளக்காரர்கள் ரிட்டர்னைக் கெடுவுக்குள் தாக்கல் செய்தால், அப்போதும் மாற்றிக்கொள்ளலாம்.

மார்ச் மாத அதிர்ச்சி

வரிப் பிடித்தம் என்பது நிறுவனம் ஆண்டு முழுவதுக்குமான வரியை முன்கூட்டியே கணித்து, மாதங்களுக்குப் பங்கிடுவது. ஏப்ரலில் ‘வீட்டுக் கடன் உண்டு’ என்று எழுதிக்கொடுத்துவிட்டு, ஜனவரியில் வங்கியின் வட்டிச் சான்றைத் தரத் தவறினால், மேலே சொன்ன நபருக்கு 46,540 ரூபாய் கூடுதல் வரி விழும். அது ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என மூன்று சம்பளங்களில் மாதம் 15,500 ரூபாயாகப் பிடிபடும். பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய நேரத்தில் இது பெரிய அடி.

ஆண்டின் நடுவில் வேலை மாறுபவர்களுக்கு இன்னும் பெரிய ஆபத்து. முதல் ஆறு மாதம் மாதம் ஒரு லட்சம், அடுத்த ஆறு மாதம் 1,30,000 என்றால், இரண்டு நிறுவனங்களும் தனித்தனியே கணக்குப் போட்டு வரியே பிடிக்காமல் விடக்கூடும். இரண்டும் சேர்ந்தால் 13,80,000. ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது 78,780 ரூபாயை மொத்தமாகக் கட்ட வேண்டிவரும். முன்வரி கட்டாததற்கு வட்டி வேறு. புதிய நிறுவனத்தில் சேர்ந்த வாரமே பழைய சம்பள விவரத்தைக் கொடுத்துவிட்டால் இந்த அடி விழாது.

பிடித்த பணம் போய்ச் சேர்ந்ததா?

பி.எஃப். தொகையை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் நிறுவனம் கட்டியாக வேண்டும். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது குற்றம். உமங் செயலியில் உங்கள் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணைக் கொடுத்து பாஸ்புக்கைத் திறந்தால், எந்த மாதம் எவ்வளவு விழுந்தது என்பது தெரியும். வரிப் பிடித்தத்துக்கு, வருமான வரித் தளத்தில் உள்ள 26ஏ.எஸ். படிவத்தை, நிறுவனம் ஜூன் 15க்குள் தர வேண்டிய ஃபார்ம் 16 உடன் ஒப்பிட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தாலே போதும். ஒரு மாதம் விடுபட்டிருந்தால் உடனே எழுத்தில் கேளுங்கள்; பதில் இல்லாவிட்டால் பி.எஃப். அமைப்பின் குறைதீர் தளத்தில் புகார் தரலாம். நிறுவனம் மூடிய பிறகு தேடுவதைவிட இது எத்தனையோ மேல்.

வேலையில் சேர்வதற்கு முன் கேட்க வேண்டியவை மூன்றே: பி.எஃப். எந்தத் தொகைக்குக் கணக்கிடுவீர்கள்? வேரியபிள் பே எவ்வளவு, எப்போது தருவீர்கள்? எல்லாம் போக மாதம் கைக்கு எவ்வளவு வரும்? மூன்றாவது கேள்விக்கான பதிலை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். இதைக் கேட்பதால் எந்த நல்ல நிறுவனமும் வேலையைத் திரும்பப் பெறாது. கடன் தவணையையும் வாடகையையும் அந்தப் பதிலை வைத்தே முடிவு செய்யுங்கள்.

அரசும் நிறுவனங்களும் செய்ய வேண்டியதும் உண்டு. வேலைக் கடிதத்தின் முதல் பக்கத்திலேயே கைக்கு வரும் மாதத் தொகை இருக்க வேண்டும். நிறுவனத்தின் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பங்கும் பே ஸ்லிப்பில் அச்சாக வேண்டும். ஆலையிலும் கடையிலும் வேலை செய்பவர்களுக்கு அந்தச் சீட்டு தமிழில் கிடைக்க வேண்டும். தன் உழைப்பின் கணக்கைத் தன் மொழியில் படித்துப் புரிந்துகொள்ள ஒவ்வொரு தொழிலாளிக்கும் உரிமை உண்டு. அதைக் கொடுக்க ஒரு மென்பொருள் மாற்றமும் கொஞ்சம் மனமும் போதும்.